நல்லரத்தினத்தின் மூன்றாம் சரணம்

பெரியகல்லாற்றில் வதனியின் உத்தியோகம் என்னவென்று எவருக்கும் சரியாக விளங்கியதில்லை. அவள் பாட்டுப் பாடவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். ஆனால் பாட்டை வைத்துத்தான் சிங்கப்பூரில் பதினெட்டாம் மாடியில் கந்தோர். "நாங்க காணிக்கு உறுதிப் பத்திரம் முடிக்கிறமாதிரி இவ பாட்டுக்கு உறுதி முடிக்கிறா" என்று யாரோ சொல்லிவைக்க, ‘பாட்டு நொத்தாரிசு’ என்று பட்டமே விழுந்துவிட்டது. கேலிதான். ஆனால் அதைவிடத் திருத்தமாக அந்த வேலையை அவளாலும் சொல்ல முடியாது.

கொழும்பில் ஒரு கசற் கடையில் பாட்டுப் பட்டியல் தட்டச்சு செய்தவள், சென்னை, இலண்டன் என்று ஏறி, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பன்னாட்டு இசைப் பதிப்பு நிறுவனத்தின் ஆசியப் பிரிவுக்கே தலைவியானாள். அவளை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிவிட்டது அவளே வகுத்த ஒரு விதி. ஒரு பாட்டை இரண்டு பேர் ‘என்னுடையது’ என்று கேட்டு வந்தால், முன்பெல்லாம் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். ஒருவருடைய பெயர், விலாசம், தொலைபேசி எண்ணை மற்றவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள் என்றாள் வதனி. மனிதர்கள் முகம் பார்த்துக் கதைத்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடுமாம். தீரத்தான் செய்தது. இலண்டனில் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் தொறொன்ரோவில் ஒரு பெண், பழைய கசற்றில் கேட்ட வாவிப் பாட்டொன்றைப் பாடிப் போட்டாள். அது உலகமெல்லாம் ஓடிற்று. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘மரபுப் பாடல்’ என்று கிடந்தது. வதனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரபாம் மரபு! அது நல்லரத்தினம் மாஸ்ரர் எழுதியது. அவளுக்குக் கணக்குப் படிப்பித்த மனுஷன். 2008இல் ஒருநாள் காலையில் அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பவேயில்லை. ஏற்றியவர்கள் யாருடைய ஆட்கள் என்று ஊரில் எவரும் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வதனி பாட்டை அவர் பெயரில் பதிந்தாள். உரித்தாளியாக அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளையின் பெயரைப் போட்டாள். மூன்று மாதம் போகவில்லை, சுதாகரன் என்றொருவர் பாட்டு தன்னுடையது என்று எழுதினார். சான்றாக ஒரு காகிதத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார். கந்தோர் விதிப்படி சீதேவிப்பிள்ளையின் விலாசம் அவருக்குப் போனது. வதனியும் படிவங்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

"கசற்றில ரெண்டு சரணந்தானே மாமி இருக்கு? இந்த ஆள் மூணாவதா ஒண்டும் சேர்த்து எழுதியிருக்கிறான். கள்ளன். நீங்க பயப்பிடாதீங்க" என்று சொல்லி அந்தப் படத்தை விறாந்தை மேசையில் வைத்தாள்.

சீதேவிப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து மறுபடியும் வாசித்தாள்.

"இது அவர்ர எழுத்து, புள்ள."

"என்ன மாமி சொல்லுறீங்க?"

"மூணாவது சரணம் அண்டைக்குக் காலமதான் எழுதினவர். தேத்தண்ணி குடிக்கக்குள்ள எனக்கு ஒருக்காப் பாடிக் காட்டினவர். நாலா மடிச்சுச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வெச்சவர். மறுகா வான் வந்திட்டு."

படத்தில் அந்த மடிப்புக் கோடுகள் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. வதனி அவற்றை விரலால் தடவிப் பார்த்தாள். மாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"உயிரோட இரிக்காரு புள்ள! பேர மாத்திட்டு எங்கயோ இரிக்காரு. நான் சொன்னன்தானே, ஆர் கேட்டாங்க?"

அந்தக் காகிதம் இரண்டே பேரிடம்தான் இருக்க முடியும். ஒன்று, சட்டையைப் போட்டிருந்தவரிடம். இல்லாவிட்டால், அந்தச் சட்டையைக் கழற்றியவனிடம். இதை எந்த வாயால் சொல்வது?

"மாமி, ஆராவது கோல் எடுத்தவங்களா?"

"நேத்து எடுத்தவர். வீட்டில ஆர் ஆர் இரிக்காங்க, மகன் எங்க, பழைய கொப்பி ஏதும் கிடக்கா எண்டு கேட்டாரு. மகன் கட்டாரில, நான் தனியத்தான் எண்டன். இண்டைக்குப் பகல் வாறன் எண்டாரு. குரல் மாறித்தான் போச்சு. பதினேழு வருசம், மாறாதா பின்ன?"

குசினியில் இறால் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. அது தனக்கான விருந்து என்றுதான் வதனி வந்ததிலிருந்து நினைத்திருந்தாள்.

"மாமி, எழும்புங்க. என்ட காரில ஏறுங்க, மட்டக்களப்புக்குப் போவம்."

"உனக்கென்ன விசரா? வராத மனுசன் வரக்குள்ள வீட்டப் பூட்டிட்டுப் போறதா?"

"வாறது மாமா இல்ல, மாமி!"

"நீ கண்டியா?"

வதனி சிங்கப்பூருக்குத் தொலைபேசி எடுத்து, அந்த விலாசத்தை எப்படியாவது திரும்ப எடுக்கச் சொன்னாள். அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது, அதெப்படி முடியும் என்றார்கள். கேட்டதே பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது, அதுவும் தன் கையாலேயே.

அவள் பேசி முடிக்கவில்லை, படலையில் வான் வந்து நின்றது. சாரதி இறங்கவில்லை. வதனியின் காருக்குக் குறுக்கே வானை விட்டுவிட்டு உள்ளேயே இருந்தான். இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். மினுக்கிய சட்டை, கையில் ஒரு பை அப்பிள், நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி. சீதேவிப்பிள்ளை ஓடிப்போய் அவரைத் தாண்டி வானுக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீற்றில் எவரும் இல்லை.

"நான்தான் சுதாகரன்" என்றார் அவர். "வதனி மெடமும் இரிக்கிறீங்களா? நல்லதாப் போச்சு. விலாசம் தந்ததுக்கு நன்றி."

சீதேவிப்பிள்ளை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மலர்ச்சி மெல்ல மெல்ல வடிந்துபோயிற்று.

"தம்பி, நீங்க அண்டைக்கு முன்சீற்றில இருந்தவர்."

அவர் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது பழைய கதை அம்மா. நான் பாட்டுக்காகத்தான் வந்தன்."

மேசையில் கிடந்த படிவங்களைத் தன் சொந்தக் காகிதம்போல் எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பாட்டெழுதியவர் இறந்த திகதிக்கான கட்டம் அது. வதனி அதை வெறுமையாகவே விட்டிருந்தாள். மாமியிடம் அதைக் கேட்க எவருக்கு மனம் வரும்?

"இத நிரப்பாட்டி இந்தக் கடுதாசி செல்லாதே, மெடம்."

உண்மைதான். அவர் மாமி பக்கம் திரும்பினார்.

"பாட்டை என்ட பேருக்கு எழுதித் தாங்கம்மா. திகதிய நான் தாறன்."

"வெக்காதீங்க மாமி! கையெழுத்து வெக்காதீங்க!" என்று வதனி கத்தியே விட்டாள்.

மாமி அதற்குள் பேனையை எடுத்துவிட்டாள். எத்தனை முகாம், எத்தனை ஆணைக்குழு, எத்தனை கந்தோர் வாசல்! அவருக்கு என்ன ஆனது என்று பதினேழு வருடமாக அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஒருவரும் கொடுத்ததில்லை. உருண்டை உருண்டையான எழுத்தில், ஒரு குற்றுக்கூடத் தவறாமல், உரிமையை மாற்றும் தாளில் சீதேவிப்பிள்ளை என்று எழுதிக் கொடுத்தாள்.

சுதாகரன் யோசிக்கவே இல்லை. பிறந்த நாளை எழுதுகிறவர்போல நாள், மாதம், வருடம் எழுதிப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அது வான் வந்த நாள் அல்ல. அதற்கு அடுத்த மாதத்துத் திகதி.

சீதேவிப்பிள்ளை விரல் மடிப்புகளில் எண்ணினாள். பிழைத்துவிட்டதோ என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். ஆணம் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"நாப்பத்தொரு நாள்" என்றாள். "புள்ள, நாப்பத்தொரு நாள் உயிரோட இருந்திரிக்காரு. நான் அவரக் கேட்டு முகாம் வாசல்ல முப்பத்தெட்டு நாள்தானே நிண்டன். முப்பத்தெட்டாம் நாள் வீட்ட வந்திட்டனே."