கார்புரேட்டருக்குச் சுக்குக் காப்பி

எனக்குப் பெண் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு கார்புரேட்டரின் கையில் இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் தென்காசியில் வாடகைக் கார் ஓட்டியிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

என் வண்டி யுத்தத்துக்கு முந்தின அமெரிக்க வண்டி. ஆறு சிலிண்டர். தரையில் பிரமாதமாக ஓடும். மலையைக் கண்டால் மட்டும் அதற்கு வயசு ஞாபகம் வந்துவிடும்.

அரிசி மண்டி சிவசைலம் அண்ணாச்சியின் மகள் மங்களேஸ்வரிக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் எப்படி ஓட்டுகிறான் பார்ப்போம் என்று அண்ணாச்சி குடும்பத்தோடு ஆரியங்காவு கோயிலுக்கு என் வண்டியில் கிளம்பினார். புளியறை தாண்டி, மலையின் பெரிய வளைவில் வண்டி நின்றது. அண்ணாச்சி இறங்கித் தள்ளினார். வேட்டி தடுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு பயல், "தாத்தா, இன்னும் கொஞ்சம்! விடாதீரும்!" என்று கத்தினான். சேற்றைக்கூட அண்ணாச்சி மன்னித்திருப்பார். அந்தத் 'தாத்தா'வை மன்னிக்கவில்லை.

"ஏலே பிச்சுமணி," என்றார். "நாலு பேர இழுக்காத வண்டிய வச்சிருக்கவன் குடும்பத்த எப்படிலே இழுப்பான்? இதே வண்டியில, இதே மலையில, என்னைய இறங்க விடாம கூட்டிட்டுப் போ. அன்னைக்குத்தான் மத்த பேச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம். நேராக மெக்கானிக் மசூதிடம் போனேன்.

மசூதின் பட்டறையில் டர்போ என்று ஒரு சாமான் கிடந்தது. மலைமேல் ஏதோ எஸ்டேட்டில் பாழாய்ப்போன டீசல் ஜெனரேட்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. பார்த்தால் பெரிய நத்தை. எஞ்சின் விடும் புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். கூடக் காற்று, கூடப் பெட்ரோல், கூட இழுவை. பெட்ரோலைக் காற்றில் கலந்து கொடுப்பது கார்புரேட்டர்.

"கார்புரேட்டருக்குள்ள காத்த ஊதினா அது பெட்ரோல எம் மூஞ்சியிலயே துப்பும்லே," என்றான் மசூது. "அதனால கார்புரேட்டர எஞ்சின விட்டுக் கழத்தி டர்போவுக்கு முன்னால மாட்டுதேன். டர்போ அது வழியா உறிஞ்சி எஞ்சினுக்குக் குடுக்கும்."

"வேல செய்யுமா?"

"செய்யலன்னா வெடிக்கும். ரெண்டுல ஒண்ணு உறுதி."

வெடிக்கவில்லை. கத்திரி வெயிலில் வாசுதேவநல்லூர் ரோட்டில் விட்டுப் பார்த்தோம். பறந்தது. ஒரேயொரு தொல்லை, சூடு. டர்போ பழுக்கக் காய்ந்து பக்கத்தில் இருந்ததையெல்லாம் வாட்டியது. பெட்ரோல் குழாயிலேயே கொதித்து வண்டி நின்றது. இதற்கு எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் வைத்தியம் தெரியும். எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி கட்டிவிடுவோம். மசூது தாராள மனசுக்காரன். பம்போடு சேர்த்துக் கார்புரேட்டரையும் ஈரச்சாக்கால் சுற்றிக் கட்டினான். வண்டி மறுபடி பறந்தது.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் அண்ணாச்சி வந்தார், மனைவி சொக்கம்மாளோடும் மகளோடும். குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மூன்று பேரும் பின்சீட்டில் ஏறினார்கள். அருவித் தண்ணீரிலேயே சாக்கை நனைத்துக் கட்டினேன். புண்ணியமும் சேரட்டும் என்று.

புளியறை செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியது. அடடா! ஒரு லாரியை முந்தினேன். இன்னொன்றையும் முந்தினேன். கண்ணாடியில் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மங்களேஸ்வரி சிரித்தாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

வளைவுக்குச் சற்று முன்னால் எஞ்சின் செருமியது. பிறகு இருமியது. பிறகு நின்றது.

சூடுதான் என்று இறங்கி ஓடிப்போய், ரோட்டோர ஓடையில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு சாக்கின்மேல் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பியது. கூப்பிடு தூரம் போய் நின்றது. இன்னொரு வாளி. கிளம்பியது, நின்றது. மேலே சாரல், கையில் வாளி, பின்னால் நான் முந்தி வந்த லாரிகள். அந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்த அடி இருக்கிறதே, நாசமாய்ப் போக!

"அண்ணாச்சி, செத்த இறங்கினா..." என்று வாயெடுத்தேன்.

"இறங்க மாட்டேன்," என்றார் அண்ணாச்சி, கையைக் கட்டிக்கொண்டு. "நான் இறங்கினா அதோட சோலி முடிஞ்சிது. பாத்துக்கோ."

எனக்கு அழுகை வந்தது. சாரலில் யாருக்கும் தெரியவில்லை. மசூதைத் திட்டினேன், அந்த எஸ்டேட்டைத் திட்டினேன், இன்னொரு வாளி ஊற்றினேன்.

பின்கதவு திறந்தது. மங்களேஸ்வரி இறங்கி வந்தாள்.

"ஏட்டி, எங்கன போற?" என்றார் அண்ணாச்சி.

"நீங்கதான் இறங்கக் கூடாது. நான் இறங்கலாம்லா," என்றாள். நேராக வந்து சாக்கைத் தொட்டாள். "சூடுன்னுல்லா தண்ணி ஊத்துதீய? இது சில்லுன்னு இருக்கே."

"நீங்க தள்ளி நில்லுங்க, கைய சுட்டுரும்."

அவள் நகரவில்லை. சாக்கை உருவி எறிந்தாள். கார்புரேட்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தாள். ஐஸ்! குற்றாலத்தில் ஐஸை சர்பத்துக் கடை மரத்தூள் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் காற்றில் கலந்து ஆவியாகும்போது கார்புரேட்டர் குளிர்ந்து, காற்றின் ஈரம் உள்ளே ஐஸாகி வழியை அடைக்கிறது; வண்டி நின்றால் கொஞ்சம் உருகி வழி விடுகிறது. பழைய இடத்தில் எஞ்சின் சூடு அதைக் காத்தது. இப்போது தள்ளி வைத்து, சாரல் காற்றை உறிஞ்சவிட்டு, போதாததற்கு அருவித் தண்ணீரால் குளிப்பாட்டியும் இருக்கிறேன். எவ்வளவு பெரிய கோட்டிக்காரன் நான்!

அவள் பின்சீட்டுக்குப் போய்ப் பிளாஸ்கோடு திரும்பினாள். ஆவி பறக்கும் சுக்குக் காப்பியைக் கார்புரேட்டரின் வெளிப்புறத்தில் மெல்ல ஊற்றினாள்.

"ஏட்டி, அது எனக்கு வச்ச காப்பி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சளி பிடிச்சிருக்கது அதுக்குத்தாம்ப்பா."

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே பிடித்தது. மங்களேஸ்வரி பின்கதவைத் தாண்டி வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண் டிரைவர் பக்கத்தில் உட்காருவது என்றால் தண்டோரா போட்டதற்குச் சமம். சொக்கம்மாள் அத்தை "எம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். 

மலை முழுவதும் ஏறினேன். வளைவையும் தாண்டினேன். வண்டி நிற்கவில்லை. கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கோயில் வாசலில் நிறுத்தினேன். மங்களேஸ்வரி இறங்கினாள், அத்தை இறங்கினாள். அண்ணாச்சி இறங்கவில்லை. கட்டிய கையோடு வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  மகள் முன்சீட்டில் ஏறியதற்கு இப்போது இருக்கிறது பூசை என்று நினைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். 

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"என்ன மாப்ளே, அப்படியே இருக்கீரு? கதவத் தொறந்து விடும். இங்கனயாவது இறங்கணும்லா."

அந்தக் கதவைத் திறக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. 'ஏலே பிச்சுமணி' போய் 'மாப்ளே' வந்ததற்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.