கப்பல் காட்சிக்கு ஒரு வயலின்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மாஹிம் ஸ்டேஷனில். ரேடியோ கடை சுலைகா சொல்லச் சொல்ல, என் ரயிலைப் போகவிட்டுவிட்டேன். இன்னும் திகைப்பு தீரவில்லை, கண்ணுகளா.

‘1966இல், தாராவியில் ஏஞ்சலம்மாள் என்றொரு அப்பாவி’ என்று தொடங்கலாமா? வேண்டாம். அப்பாவியா அவள்? கரண்டுப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

2

சிந்தசைசர் என்ற பேர் அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை. கரண்டு ஆர்மோனியம் என்போம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ரிப்பேருக்குச் சுலைகா கடைக்கு வந்த அந்தப் பெட்டியில், ஒரு படத்தின் பின்னணி இசையை முழுசாகக் கையால் வாசித்துப் பதிந்தாள் ஏஞ்சலம்மாள். முதலில் குழல். அந்த டேப்பை ஓடவிட்டு, கூடவே செல்லோ வாசித்து, இரண்டையும் இன்னொரு டேப்பில் பிடிப்பாள். இப்படியே மேலே மேலே.

(படம் பார்த்தாளா? இல்லை. அவள் போகும் கிறிஸ்தவ சபையில் சினிமாவுக்கு வாசிப்பது பிழைப்பு, பார்ப்பது பாவம். புருஷன் தனசீலன் ஸ்டுடியோ வயலின்காரர். ஒத்திகை முடிந்து வந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் வாயால் பாடிக் காட்டுவார். அவளுக்கு அதுதான் படம்.)

கப்பல் காட்சியில் தனியாக வரும் வயலின் அவருடையதாம். அதைக் கடைசியாக வாசித்தாள். அவருக்குப் போட்டுக்காட்டத்தான் இவ்வளவும்.

3

சுலைகா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள்.

“எல்லாம் அச்சு அசல்ட்டி. கடைசில என்னமோ அழுவுதே, அது என்ன?”

“கப்பல் போற எடம். இவுக வாசிச்சது.”

“கப்பல் போறப்ப வெறும் கடல் எரைச்சல்தாம்ட்டி.”

“நீ முறுக்கு தின்னுட்டு இருந்திருப்ப.”

“அல்லா மேல ஆணையா!”

ஏஞ்சலம்மாளின் சிரிப்பு (இந்த வரியை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன்) நின்றது.

அவளைக் கூப்பிட வந்த தனசீலன் வாசலில் நின்றார், கையில் வயலின் பெட்டி. அவள் அவர் விரல்களைப் பார்த்தாள். தந்தி அறுத்தது என்று நம்பித் தினமும் எண்ணெய் தடவிய விரல்கள்.

“தெனமும் எங்க போறீக?”

“தோல் பதனிடுற ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டில வேல.”

பதிவு நாளில் கடல் சத்தமே போதும் என்று வயலினை எடுத்துவிட்டார்களாம். பிறகு கூப்பிடவே இல்லை. தாராவியில் தோல் வாடை யார்மேல் அடிக்கிறது என்று யார் கண்டார்கள்?

4

முதல் முடிவு: அவள் கத்துகிறாள். எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. இரண்டாவது: வயலின் பெட்டி காலி. ஆனால் வயலின் உள்ளேதான் இருந்ததாம்.

சுலைகா சொன்னது இவ்வளவுதான். தனசீலன் நின்றபடியே டேப்பை முழுசாகக் கேட்டார்.

“ரெண்டாவது சொரத்த இன்னும் கொஞ்சம் இழுக்கணும், ஏஞ்சலு.”

மறுபடி பதிய வேண்டுமானால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பழையது அழியும். ஏஞ்சலம்மாள் விரலை அதன்மேல் வைத்தாள். சுலைகா இவ்வளவு சொல்வதற்குள் மாஹிம் ஸ்டேஷனில் அவள் ரயில் வந்தது. கதையை அங்கேயே விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அடுத்து வாசிப்பது அவளுடைய கரண்டுப் பெட்டியா, அவருடைய வயலினா? நீங்களே சொல்லுங்கள். சுண்ணாம்பில் வெந்துபோன அந்த விரல்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.