மருதாசலம் அரைக்காத மிளகாய்

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர் மருதாசலம். 1995-ல் முன்னாள் ராணுவத்தினருக்கான ரத்ததான முகாமுக்குப் போய், ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்து, இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அவருடைய ரத்தம் வேண்டாமாம். டாக்டரை நேரில் வந்து பார்க்க வேண்டுமாம்.

டாக்டர் சாஜிதா பேகம் சோதனைக் காகிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: "கல்லீரல்ல ஒரு வைரஸ் இருக்குங்க. ஹெபடைடிஸ் பி. ரொம்ப வருஷமாவே இருந்திருக்கும்."

மருதாசலத்துக்கு உடம்பில் ஓர் இடத்திலும் வலி இல்லை. பட்டாளத்தில் அவருடைய உடல்தகுதி கடைசிவரை 'ஏ' தான்.

"பி-ங்களா? ஏ இல்லீங்களா?"

"ஏ வேற நோயிங்க. இது மார்க் இல்லீங்க."

பனி மூடிய மலை முகாமில் ஒரு குளிர்காலம் முழுக்க ஆறு பேர் ஒரே சவர பிளேடை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. பிளேடு மட்டும் தனியாக இருக்க வேண்டும். மனைவி பழனியாத்தாளுக்கு மூன்று தடுப்பூசி. மருதாசலத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மது ஒரு சொட்டும் கூடாது.

கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கல். மிலிட்டரி கேன்டீனிலிருந்து அவர் மாதாமாதம் கொண்டுவரும் ரம்முக்கு, துடியலூர் பக்கத்திலிருந்த அவர் ஊரில் பெரிய மரியாதை. ஞாயிறு மதியம் ஆனால் பங்காளி பாலுசாமியும் டீக்கடைக் கண்ணையாவும் அவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வந்துவிடுவார்கள். வியாதியைச் சொன்னால் பக்கத்தில் உட்காரக்கூட யோசிப்பார்களோ என்று மருதாசலத்துக்கு பயம். அந்த ஞாயிறு, டம்ளரை நீட்டிய பாலுசாமியிடம் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"நான் விரதம் பாலு. மாசாணியம்மனுக்கு."

பாலுசாமியின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "ஆனமலைக்குப் போய்ட்டு வந்தீங்களாண்ணா?"

"போனேன்" என்று இரண்டாவது பொய்யையும் சொன்னார் மருதாசலம்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போவார்கள். ஆனால் குடியை விட்டு விரதம் இருந்து ஒருவர் போனார் என்றால், ஊர் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்ளும். பொருளைத் திருட்டுக் கொடுத்தவர் அங்கே போய் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசிவிட்டால், திருடியவன் அதைத் திருப்பித் தரும்வரை அவன் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. கண்ணையா ரம்மைக் குடிக்காமலே எழுந்து போனார்.

திங்கள் காலை கேட்டருகில் ஒரு சாக்குப்பை கிடந்தது. உள்ளே, மோட்டார் குழாயின் அடியில் மாட்டுகிற புட்வால்வு; மூன்று வருடத்துக்கு முன் கிணற்று மேட்டில் கழற்றி வைத்திருந்தபோது காணாமல்போனது. பதிலுக்கு வாங்கியது ஒழுகிக்கொண்டிருந்ததால், மருதாசலம் அதை எடுத்து அன்றே கிணற்றில் மாட்டிவிட்டார். புதன்கிழமை இரண்டு பித்தளைக் குடம். வெள்ளிக்கிழமை கால் கட்டிய கோழி ஒன்று.

"ஏனுங்க, தொலஞ்ச நம்ம கோழி கருப்புங்க. இது செவல" என்றாள் பழனியாத்தாள்.

"நம்மளத தின்னுபோட்டு வேற குடுத்திருப்பாங்க அம்மணி."

"கொடம் நம்மது இல்லவே இல்லீங்க."

"யாரு ஊட்டுல எடுத்தம்னு அவங்களுக்கே மறந்திருக்கும்."

அடுத்த ஞாயிறு பாலுசாமி தனியாக வந்தார். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்போல் சிவந்து நீர் வடிந்தது.

"எரியுதுங்கண்ணா. தாங்க முடியல. நானே சொல்லிப்போடறேன். எல்லக்கல்ல ரண்டடி தள்ளி நட்டது நாந்தானுங்க. எம்பத்தெட்டுல. நீங்க அஸ்ஸாம்ல இருந்தீங்க."

கல் நகர்ந்த விஷயமே மருதாசலத்துக்கு அதுவரை தெரியாது. அவர் சும்மா இருந்திருந்தாலே நிலம் திரும்பி வந்திருக்கும். ஆனால் பாலுசாமி மண்ணில் உட்கார்ந்து, ஆனைமலைக்கு நடந்தே போகிறேன் என்று அழ ஆரம்பித்தார். மருதாசலத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பாலு, உனக்கு வந்திருக்கறது மெட்ராஸ் ஐ. ஊரு பூரா இருக்குது. நான் ஆனமலைக்கும் போகல, மொளகாயும் அரைக்கல. எனக்குக் கல்லீரல்ல வைரஸ். குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதச் சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்லிப்போட்டேன்."

பாலுசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் கல்லப் பத்திச் சொல்லியிருக்கவே வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"சொல்லாத மாதிரி வெச்சுக்கலாமுங்களா?"

"முடியாது."

அதன்பிறகுதான் அவருக்கு வைரஸ் ஞாபகம் வந்து, "வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

பாலுசாமி தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் காலை கண்ணையா வந்து நின்றார்.

"ஏனுங்க, மொளகா அரைக்கலீங்களாமா?"

"இல்ல கண்ணையா."

"அப்ப அந்த புட்வால்வக் குடுத்துப்போடுங்க. என்ர கெணத்துல மோட்டாரு தண்ணி எடுக்க மாட்டேங்குது."

பழனியாத்தாள்தான் சமையலறையிலிருந்து பதில் சொன்னாள்: "அறுபதடிக்குக் கீழ மாட்டியிருக்குதுங்க. எறங்கிக் கழட்டிக்குங்க."

கண்ணையா கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, இவ்வளவு தூரம் வந்ததற்கு என்று, கல்லீரலுக்குக் கீழாநெல்லி நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கடைக்கு வந்தவர்களெல்லாம் அன்று ஆளுக்கொரு கட்டுக் கீழாநெல்லி கொண்டுவந்து போட, பழனியாத்தாள் அத்தனையையும் எருமைக்கு வைத்தாள். குடத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. எல்லைக்கல் மட்டும் ஒன்றரை அடி திரும்பி வந்தது. மீதி அரையடியை மருதாசலம் கேட்கவில்லை.

பழனியாத்தாளின் இரண்டாவது ஊசிக்குப் போனபோது பாலுசாமியும் கூடவே வந்தார். அவர் ரத்தத்தையும் சோதித்து, வைரஸ் இல்லை என்று சொல்லி டாக்டர் ஊசியை எடுத்தார். ஊசியைப் பார்த்ததும் பாலுசாமி நாற்காலியோடு சாய்ந்தார். மருதாசலம் பட்டாளத்துப் பழக்கத்தில் அவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாலுசாமி மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு பயமா இல்லீங்களாண்ணா?"

இதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. மருதாசலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "இருக்குது பாலு. வலிச்சாலாவது பரவால்ல. ஒண்ணுமே தெரியாம உள்ள இருக்குதில்ல. இனி ஆறு மாசத்துக்கொருக்கா ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சோறு எறங்காது."

"ரிசல்ட்டுக்குப் போறப்ப நானும் வாரேனுங்க."

"எதுக்கு? மயங்கி உழுகவா?"

"நான் வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறனுங்க" என்றார் பாலுசாமி.