தாதுக் குதிரில் ஒரு மாப்பிள்ளை

ஜெசுயினோ ஈயத் தாதுக் குதிருக்குள் விழுந்து புதைந்த மறுநாள் காலை, உள்ளிருந்து காப்பி கேட்டான். மேலிருந்து ஊற்றினார்கள். வந்து சேர்ந்தது, சர்க்கரைதான் போதவில்லை என்றான். அந்த வாரம் ஈயத்தின் விலை சற்று ஏறியிருந்தது.

எங்கள் சார்தீனியாத் தீவின் மேற்குக் கரையில் மலை நேராகக் கடலில் இறங்கும். அந்தச் செங்குத்துப் பாறையைக் குடைந்ததுதான் துறைமுகம். மேலே தாதுவைக் கொட்டிவைக்கும் குதிர்கள், அடியில் சுரங்கப் பாதை, பாதை முடிகிற இடத்தில் கடலுக்கு மேலே அந்தரத்தில் ஒரு திறப்பு. அதன் வழியாகத் தாது கப்பலில் கொட்டும். மேலிருந்து தோண்டினால் தாது சரிந்து அவனை நசுக்கிவிடும், கீழ்க்கதவைத் திறந்தால் தாதுவோடு அவனும் கப்பலுக்குள் போய் விழுவான் என்றார்கள் பொறியாளர்கள். கதகதப்பாகத்தான் இருக்கிறது, அவசரம் வேண்டாம் என்று அவனே சொன்னதும், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றக் குதிர்களில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவனுக்கு நிச்சயம் செய்திருந்தவள் பொனாரியா. வெளியே கொட்டகையில் சுத்தியலால் தாது உடைத்துப் பிரிக்கும் பெண்களில் ஒருத்தி. கையும் வேகம், வாயும் வேகம். அவன் விழுந்த அன்று காலைதான் சண்டை. சுரங்கக்காரர்களைக் காக்கும் புனிதை சாந்தா பார்பராவின் திருநாளில்கூட, கப்பல் காத்திருக்கிறது என்று வேலைக்கு ஓடியவனைப் பார்த்து, "போ, அந்தச் சுரங்கத்தையே கட்டிக்கோ" என்றாள். மதியத்துக்குள் அப்படியே ஆகிவிட்டது.

சொன்ன சொல்லைத் தன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஆனால் பெண்ணின் காலடி பட்டால் பொறாமையில் சுரங்கம் இடிந்து விழும் என்பது எங்கள் ஆண்களின் நம்பிக்கை. ஒருமுறை அவள் வாசல் வரை போனதற்கே யாரும் வேலைக்கு இறங்கவில்லை. கூலி போன வீட்டுப் பெண்கள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஜெசுயினோவின் தம்பி பிரியாமோ தூது போனான். அவள் வருந்தி அழுகிறாள் என்று சொன்னால் அண்ணன் சிரித்தான். "நீயா சேத்துச் சொல்றடா. அவளாவது அழறதாவது! அவளே வந்து சொல்லட்டும்."

பிரியாமோ கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, நெஞ்சில் தூசி சேர்ந்து இறந்தான். போர் வந்து போனது. ஈயம் விலை இறங்கியது. சுரங்கத்தை மூடி வாசலில் பூட்டுப் போட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பொனாரியா நல்ல ஒயினாக ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பூட்டைத் திறந்தது சுற்றுலாவுக்காக. மிலானிலிருந்து வந்த பெண்கள் சீட்டு வாங்கி, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, உள்ளே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டியும் ஒரு பெண்தான். ஒரு கல்கூட விழவில்லை. அன்றைக்கே ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளை உள்ளே விட்டிருக்கலாம். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு என்ன பயன்?

பொனாரியாவும் சீட்டு வாங்கினாள். அப்போது அவளுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கீழ்க்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளிருந்து பழைய இளங்குரல் அப்படியே வந்தது.

"யாருங்க பெரியம்மா?"

நான்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வேறொன்று வந்தது.

"பொனாரியாவுக்கு வேண்டியவப்பா. அன்னைக்குச் சொன்னத அவ திரும்ப வாங்கிக்கிட்டா."

"பிரியாமோ உங்களையும் அனுப்பிட்டானா?" அவன் சிரித்தான். "அவ வெளியதான் நிக்கறாளா?"

"நிக்கறா."

"அப்ப அவளையே வரச் சொல்லுங்க பெரியம்மா. நான் எங்க போயிடப் போறேன்?"

அந்தச் சிரிப்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவளை அவனிடமிருந்து பிடுங்கப் பொனாரியாவுக்கு மனம் வரவில்லை. சொல்கிறேன் என்று திரும்பி, வெளியே வந்து, கடலைப் பார்த்து வெகுநேரம் அழுதாள்.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். காப்பியில் சர்க்கரை தாராளமாகப் போட்டுக் கொண்டுவருகிறாள். பொனாரியா கிளம்பிவிட்டாளா என்று அவன் கேட்பான். தலை சீவிக்கொண்டிருக்கிறாள் என்பாள். வழிகாட்டி அவளிடம் சீட்டு கேட்பதில்லை. மற்றவர்களை மட்டும் அந்த இடத்தில் சத்தம் போடாமல் நடக்கச் சொல்கிறாள்.