மாடியில் மணி ஐந்து

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் பிடுங்குகிறவர் வேறு ஒருவர்; பிடுங்கிய இடத்தில் வைக்கப் பல் செட் செய்து கொடுக்கிறவர் இவர். வாரத்தில் ஐந்தரை நாள் யார் யாருடைய தாடை அச்சோ இவர் மேஜையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். சனிக்கிழமை மதியம் ஒன்றரை ஆனால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டு மாடிக்கு ஏறிவிடுவார். பதினைந்து வருஷமாக இதில் மாற்றம் கிடையாது.

மாடியில் ரயில் ஓடியது. அதைப் பொம்மை ரயில் என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுண்டிவிடும். எஞ்சின் மட்டுமே ஒரு கை நீளம். தூக்கினால் ஒரு வயதுக் குழந்தையின் கனம். இந்த அளவு ரயிலை மற்றவர்கள் தோட்டத்தில் ஓட்டுவார்கள். மழை வந்தால் மூடி வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் மூடிக் கிடப்பதற்குப் பெயர் ரயிலா என்பது இவர் கட்சி. அதனால் இரண்டு அறைகளையும் சுற்றி இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளம் போட்டார். நடுச்சுவரில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்ள அக்காவிடம் அனுமதி வாங்கினார். அக்கா வேலைக்குப் போய்த் திரும்பியபோது சுவரில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. போன ரயில் திரும்பி வர வேண்டாமா என்று கேட்டார். அன்றைக்கு அக்கா தலையில் அடித்துக்கொண்டதோடு சரி, அடைக்கச் சொல்லவில்லை.

மலைகளையெல்லாம் தாடை அச்சு எடுக்கிற பிளாஸ்டரிலேயே வார்த்திருந்தார். பிளாட்பாரத்தில் உள்ளங்கை உயரத்துக்குப் பயணிகள் நின்றார்கள். ஒருவருக்கும் பல் வரிசையில் குறை சொல்ல முடியாது. தலைமுடி விஷயத்தில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

கூட இரண்டு பேர் வருவார்கள். தையல்காரர் ஸ்டேஷன் மாஸ்டர். டிரைவிங் பள்ளி வாத்தியார் எஞ்சின் டிரைவர். வாரம் முழுவதும் யாரோ ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு இங்கேதான் வண்டி முழுசாகக் கைக்கு வந்தது. மூவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. உள்ளே வரும்போது கைக்கடிகாரம், போன் இரண்டும் வாசலில் உள்ள பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிடுவார்கள். அதன் பிறகு அறைக்குள் ஒரே நேரம்தான், சுவரில் இருக்கும் ரயில் கடிகாரத்தின் நேரம்.

அந்தக் கடிகாரத்தின் சக்கரங்களைப் பல்லுக்காரரே மாற்றி வைத்திருந்தார். வெளியே பத்து நிமிஷம் ஆனால் அதில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஊர் நேரத்தை வைத்து அட்டவணை போட்டால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே குறட்டை விடலாம். ஆகவே ஒன்றரை மணிக்கு முள்ளைக் காலை ஆறில் வைத்துத் தொடங்குவார்கள். நாலு மணி நேரத்தில் ஒரு முழு நாளை ஓட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கீழே வா, கொஞ்சம் பேசணும் என்றாள். அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். முப்பது வருஷமாக வார்டு வாசலில் நின்று நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் இதே வார்த்தைகளைச் சொல்லி வருகிறவள். அவள் கொஞ்சம் பேச வேண்டும் என்றால் அது கொஞ்சமாக இருக்காது என்பது தம்பிக்குத் தெரியும்.

விஷயமும் தெரிந்ததுதான். அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாமா தவறி நாலு வருஷம் ஆகிறது. பையன் கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவோடு இருக்க வேண்டும் என்றால் மாடியை விட்டால் வேறு இடம் இல்லை. வீடும் அக்காவுடையது. பல்லுக்காரருக்கென்று இருந்தது பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. அங்கே ரயில் திரும்ப வேண்டுமென்றால் கட்டில் வெளியே போக வேண்டும்; போனாலும் முக்கால்வாசிதான் திரும்பும். மாடி போனால் ரயில் போயிற்று, அவ்வளவுதான்.

சும்மா கொடுத்துவிடுவதா என்று வாத்தியார் கொதித்தார். உட்கார்ந்து ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். பேச்சை முதல் கியரில் எடுக்க வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஓர் அறை தாராளம், இன்னோர் அறையில் ரயிலைச் சுருக்கிக்கொள்கிறோம் என்று கேட்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு வருஷம் தவணை கேட்க வேண்டும். பல்லுக்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வழக்கம்போல வண்டிகள் ஓடின. சரக்கு வண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது தையல்காரர் மணியை அடித்தார்.

"அஞ்சாச்சு. கிளம்புங்க."

பல்லுக்காரர் சுவரைப் பார்த்தார். ஐந்துதான். கையை வேட்டித் துணி ஒன்றில் துடைத்தார், பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இறங்கினார். மூன்று பேரில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்த அறையில் ஐந்தடித்தால் ஐந்துதான்.

கதவைத் திறந்த அக்கா ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தாள். "என்னடா, அதுக்குள்ள வந்துட்டே?" என்றாள். அவள் தலைக்குப் பின்னால் கூடத்துக் கடிகாரம் மூன்று இருபது காட்டியது.

பல்லுக்காரருக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. மேலே ஐந்தாகிவிட்டது என்று அசடு வழிந்தார். வேறு நாளாக இருந்தால் அக்கா ஒரு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. உட்காரு, டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேஜை மேல் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று இருந்தது, பக்கத்தில் மூடாத பேனா. கெட்ட செய்தி சொல்லப் போகும்முன் என்னென்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொள்வது அக்காவின் தொழில் பழக்கம். இவர் அதை இழுத்துப் பார்த்தார். சாப்பிட்டானா என்று முதலில் கேட்க வேண்டும் என்று இருந்தது. ரயில் என்ற வார்த்தையை நாமாக எடுக்கக் கூடாது. அவன் பேசும்போது குறுக்கே போகக் கூடாது. மருமகள் மேல் பழி விழும்படி எதுவும் சொல்லக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அழுதால், மாடி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பையன் வெளியே வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

பல்லுக்காரர் அந்த வரியை மூன்று முறை படித்தார். அழுவது அவருக்குப் பெரிய காரியமே இல்லை. பழைய எஞ்சின் பலகையிலிருந்து விழுந்து நொறுங்கிய நாளில் தையல்காரரின் தோளில் சாய்ந்து தேம்பியவர் அவர். ஒரு சொட்டு போதும். ரயில் இருக்கும், பையன் வேறு தெருவுக்குப் போவான், அக்கா வேலை முடிந்து வந்து இந்த மேஜையில் தனியாகச் சாப்பிடுவாள். தாளை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தார்.

அக்கா டீயோடு வந்தாள். தாளைப் பார்த்ததும் எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. ரயில் என்ற வார்த்தையை அவள் எடுக்கக் கூடாதே. டீயில் ஆடை படியும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவரே எடுத்தார்.

"அக்கா, மாடி விஷயம்தானே? ரயிலைக் கழட்டிடறேன். எனக்கும் முட்டி வலி, முன்ன மாதிரி குனிஞ்சு நிமிர முடியல."

பலகை இடுப்பு உயரம். அங்கே குனிய வேண்டிய வேலை எதுவும் கிடையாது, அது அக்காவுக்கும் தெரியும். தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார். கல்யாணத்துக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், இரண்டு ஓட்டையையும் தானே பூசிக் கொடுப்பதாகச் சொன்னார். எவ்வளவு நாள் வேண்டும் என்று அக்கா கேட்டாள். பத்து நாள் என்றார்.

அவர் மேலே போனபோது ரயில் கடிகாரத்தில் இரவு எட்டு. மெயில் புறப்படத் தயாராக நின்றது. கீழே மணி நாலுகூட ஆகவில்லை என்று சொன்னதும் தையல்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். வாத்தியாருக்கு அது பெரிதாகப் படவில்லை. தான் எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டார். பையிலேயே இருக்கிறது என்றார் பல்லுக்காரர். மாடியைக் கொடுத்துவிட்டதாகவும் அதே மூச்சில் சொன்னார். வாத்தியார் திரும்பி மெயிலை எடுத்தார். வண்டிகள் அட்டவணைப்படி ஒரு ஓட்டையில் போய் மறு ஓட்டையில் வந்துகொண்டிருந்தன.

ரயில் கடிகாரத்தில் விடியற்காலை மூன்று ஆனபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, சற்று நின்று இன்னொரு படி. அக்காவுக்கு நிஜமாகவே முட்டி வலி. இரண்டு வருஷமாக அவள் மாடி ஏறியதில்லை. ஊர் நேரப்படி, சொன்ன சொல் தவறாமல் சரியாக ஐந்து மணிக்கு வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றாள். கையில் அந்தத் தாள் இருந்தது. நேராகத் தம்பியிடம் வந்து அதை நீட்டினாள். இரண்டு கோடு போட்ட வரியின் பக்கத்தில், சக்கர எண்ணெயில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"கடைசி வரியையுமா?"

"அதையும்தான்."

"அப்புறம் ஏண்டா அழல?"

அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிளாட்பாரத்தில் நல்ல பல் வரிசையோடு நின்ற பயணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வார்டில் ஒரு நாளும் அழுது அறியாதவள், அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். தையல்காரர் எழுந்து போய்க் கடிகாரத்தை நிறுத்தினார்.

அக்கா அழுதால் என்ன செய்வது என்று இரண்டு தாளிலும் எழுதியிருக்கவில்லை.