அப்பாவுக்கு நான் வைத்த தாடை

"முகவாயைக் கொஞ்சம் தூக்குங்கண்ணா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் தூங்கிப்போனார். பட்டப்பகல். இரண்டு பக்கமும் என் ஸ்டுடியோ விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது, வெளியே பேருந்துகள் ஹாரனை விடாமல் அடிக்கின்றன, மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். தோளைத் தட்டி எழுப்பினேன். "தூங்கலடா, சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்றார். எங்கள் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பொய் அது.

அண்ணனுக்குத் தூங்குமூஞ்சி என்றுதான் பெயர். ஒரு கிடங்கின் வாசலில் காவல் வேலை பார்த்தார். காவலுக்கு ஆள் வைத்தால் அந்த ஆளுக்கு ஒரு காவல் தேவைப்படுகிறதே என்று முதலாளி கேலி செய்வாராம். போன மாதம் கேலி அலுத்துப்போய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்களும்தான் சிரித்தோம். சோம்பேறித்தனம், வேறென்ன என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவைப் பிடித்து இழுக்காத குறையாகத் தூக்க நோய் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன்.

உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்த பிறகு டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது, மூச்சுக்காக உடம்பு ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு விழிக்கிறது, இப்படியே போனால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், ஒரு நாள் மூளையோ இதயமோ தாங்காது. பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

"எங்க வீட்ல வியாதின்னு யாரும் படுத்ததே இல்லீங்க" என்றார் அண்ணன், நிமிர்ந்து உட்கார்ந்து. "அப்பா, பெரியப்பா ரெண்டு பேருமே தூக்கத்துலயே போனவங்க. கொடுத்து வச்சவங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் அப்பா படத்தை அண்ணன் மகள் தன் போனில் வைத்திருந்தாள். அதைக் காட்டினாள். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். உள்வாங்கிய தாடை இருந்தால் தொண்டைக்கு இடம் குறைவு, அந்த அமைப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, ஆனால் இவருக்குத் தாடை நன்றாகத்தானே இருக்கிறது என்று குழம்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இடம் பொருள் தெரியாமல். அந்தத் தாடை நான் வைத்தது. உள்ளதை உள்ளபடி காட்டினால் எந்தப் போட்டோக்காரனும் பிழைக்க முடியாது. அசலில் அப்பாவுக்கு உதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்துதான். பெரியப்பாவுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற கம்பீரமெல்லாம் என் கைவேலை. இதைச் சொன்னதும் டாக்டர் அண்ணனைப் பக்கவாட்டில் பார்த்தார். தாடையை மறைத்திருக்கும் என் தாடியைப் பார்த்தார். கடைசியில் அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் கையால் முகவாயை மூடிக்கொண்டாள். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளக் காற்றுக் கருவி ஒன்று வந்தது. வந்த பெட்டியைப் பிரிக்கவே அண்ணன் விடவில்லை. நீங்க சொன்னா அப்பா கேப்பார் சித்தப்பா என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். நல்ல வேளையாக அண்ணனே ஒரு படம் எடுக்க வேண்டும் என்று இன்று கடைக்கு வந்தார். வேறு வேலைக்குப் படம் கேட்கிறார்கள் போல என்று நினைத்தேன். விளக்குகளை அணைத்துவிட்டு, கருவியை ஏன் மாட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார்.

"அப்பா போன அன்னைக்கு ராத்திரி அவர்கூட அந்த ரூம்ல படுத்திருந்தது நான்தானே" என்றார். "குறட்டை காதைப் பொளந்துச்சு. திடீர்னு நின்னுச்சு. அப்பாடா, இனிமேலாவது தூங்கலாம்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன்டா."

அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு மேலே பேசினார்.

"தூக்கத்துல போறது கொடுப்பினைன்னு ஊரே சொல்லுச்சு. நானும் அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இப்ப அந்த மிஷினை மாட்டிக்கிட்டா, டாக்டர் சொன்னது சரின்னு ஆயிடும்ல."

உங்களுக்கு அப்போது என்ன தெரியும் என்றேன். மகளை நினைத்துப் பாருங்கள் என்றேன், அவள் உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

"தெரியும். அவளும் ஒரு நாள் அசந்து தூங்கிடுவா. அன்னைக்கு அவ மேல பழி வந்துடக் கூடாது. கொடுப்பினைன்னே இருக்கட்டும்."

கருவியை மாட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லையே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிதரை இனி யாராலும் திருப்ப முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"லைட்டைப் போடு" என்றார். "இது வேலைக்கு இல்லடா. சுவத்துக்கு. நல்லா இருக்கறப்பவே எடுத்து வச்சுடு. தாடையை நீ பாத்துக்குவ."

விளக்கைப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கண்ணை அகல விரித்துப் பார்த்தார். நான் தூரம் சரிபார்ப்பதற்குள் இமைகள் இறங்கின. வாய் திறந்தது. தாடை பின்னால் சரிந்து கழுத்துக்குள் போனது. கேமராவுக்குள் அப்பா உட்கார்ந்திருந்தார், நான் கைவைப்பதற்கு முந்தைய அப்பா. குறட்டை எழுந்து கடையை நிறைத்தது. எழுப்பலாம் என்று கிட்டே போனேன்.

அப்போது அது நின்றது.

கடை சட்டென்று அமைதியாகிவிட்டது. மின்விசிறியின் சத்தம் கேட்டது. எனக்கே ஒரு நொடி நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நீட்டிய கை அவர் தோளுக்கு மேலே நிற்க, விளக்கு வெளிச்சத்தில், அவர் நெஞ்சின் மேல் இருந்த சட்டைப் பொத்தான் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.