ஏணியை எடுத்த பாட்டும் ஆறாவது கண்ணியும்

1

"ஆறாவது கண்ணியையும் சேர்த்துத்தான் வாசிப்பேன்."

இந்தக் கதை நான் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில்தான் பிறந்தது. இப்படி எதற்கும் அடம்பிடித்து நிற்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். ரொட்டிக் கடையில் நின்று கால் வீங்கியவள். "படிச்சவங்ககிட்ட வாயைக் குடுக்காதடி ஃபென்யா. குடுத்தா வாங்கிக்கோ. குடுக்கலைன்னா நன்றி சொல்லிட்டு வந்துரு." எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். நன்றி சொல்லிச் சொல்லியே வாய் கசந்துவிட்டது.

2

ஸாலே ஆற்றின் மேல் வெண்பனி மெல்ல

(வேண்டாம். பனியின் அழகை எழுதினால் நீங்கள் அந்தப் பாட்டை மன்னித்துவிடுவீர்கள்.)

நேராகச் சொல்கிறேன். இருநூறு வருஷப் பாட்டு. எழுதியவர் எங்கள் சந்தைத் திடலில் சிலையாக நிற்கிறார், தலையில் புறா. ஒரு பெண் செர்ரி மரத்தில் ஏறியிருக்கிறாள். பண்ணைக்காரன் மகன் சிரித்துக்கொண்டே ஏணியை எடுத்துவிடுகிறான். முத்தம் கொடு, ஏணி தருகிறேன். மூன்று முறை மாட்டேன் என்கிறாள். ஐந்தாம் கண்ணியில் அவள் மரத்தில் இல்லை; பழங்கள் புல்லில் நசுங்கிக் கிடக்கின்றன.

மெட்டு துள்ளும். மழலைப் பள்ளியில் பாடுவோம். கல்யாணத்தில் மணமகளை ஏணியில் ஏற்றிவிட்டுப் பாடுவோம். என் அக்காவையும் ஏற்றினார்கள்.

ஆறாவது கண்ணியில் அவள் ஊரின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிறது. பாட்டு முடிந்தது. கவிஞரே எழுதியதுதான். பள்ளிப் புத்தகங்கள் அதை அச்சிடுவதில்லை.

3

பேராசிரியர் ஆஸ்முஸை வில்லனாக்கப் பார்த்தேன். மீசை வைத்தேன், எடுத்தேன். ஒட்டவில்லை. மனுஷர் நல்லவர், அதுதான் சிக்கல். கவிஞர் பிறந்தநாள் விழாவில் பாட்டை வாசிக்க என்னை அழைத்தவரே அவர்தான். முனைவர் ஆய்வுக்கு அவரிடம் ஓர் இடம் இருந்தது. அதுவும் எனக்குத்தான் என்று பேச்சு.

"ஃப்ராவ் ட்ரைபர், கேக் சாப்பிட வர்றவங்களுக்கு ஆறாவது கண்ணி எதுக்குங்க?" (ட்ரைபர் என் குடும்பப் பெயர், 'ஃப்ராவ்' மரியாதைக்கு.)

"அவர் எழுதினதுதானே?"

"எழுதினது அவர். எங்க நிறுத்தணும்னு நாமதான் தெரிஞ்சு வச்சிருக்கணும்." சிரித்தார். "சரி, ஆய்வுக்கு வரப்போறீங்க. இனிமே நமக்குள்ள என்ன 'நீங்க'? நான் வோல்ஃப்ராம். 'நீ'ன்னே சொல்லு."

(எங்கள் நாட்டில் 'நீ'யைப் பெரியவர்தான் தரவேண்டும். தந்ததை மறுப்பது நீட்டிய கையைத் தள்ளுவது மாதிரி.)

"ஆறாவதையும் வாசிச்சுட்டேன்னா?"

"அந்த இடத்துக்கு வேற ஆளைப் பாக்கணும்." காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

ஏணி அவர் கையில். முத்தம்கூடக் கேட்கவில்லை, ஒரே ஒரு கண்ணியை விட்டுவிட்டால் போதும்.

"அப்ப 'நீங்க'ன்னே இருக்கட்டும், பேராசிரியரே."

[இந்தப் பதில் எனக்குப் படியிறங்கும்போதுதான் வந்தது. கதை என்னுடையது. அதனால் இங்கேயே வைக்கிறேன்.]

4

முடிவு அ: ஐந்தோடு நிறுத்துகிறேன். இடம் கிடைக்கிறது. அம்மா அழுகிறாள், சந்தோஷத்தில்.

முடிவு ஆ: ஆறையும் வாசிக்கிறேன். ஒரு மூதாட்டி எழுந்து, "எனக்கும் இப்படித்தான்"

பொய். எங்கள் ஊரில் யாரும் எழுந்ததில்லை.

நடந்தது இது. நீள மேஜைகள், செர்ரி கேக். கடைசி மேஜையில் அம்மா. ஐந்தாம் கண்ணி முடிந்ததும் முடிந்துவிட்டதென்று எல்லோரும் மேஜையைத் தட்டத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் நாங்கள் கை தட்டமாட்டோம், விரல் முட்டியால் மரத்தைத்தான் தட்டுவோம். டக், டக், டக். அந்தச் சத்தத்தின் நடுவிலேயே ஆறாவதைத் தொடங்கினேன். அவள் கதவைத் தட்டுகிறாள் என்று நான் வாசிக்க, தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவர் கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

கடைசி வரியையும் வாசித்தேன். ஆஸ்முஸ் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலங்கியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தேன்.

பின்னால் மரத்தில் ஒரே ஒரு தட்டு. அம்மாவா, யாராவது கோப்பையை வைத்தார்களா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் திரும்பவில்லை. கதவைத் திறந்தேன், வெளியே வந்தேன். கதவை மூடவில்லை.